வலைக்குச் சேதமின்றி

மர்பி டவுன் ராஜேந்திரன் முப்பத்து நாலு வருஷம் ஓர் அரசாங்கக் கதவுக்கு வெளியே நின்றே பிழைத்தவர். கதவுக்கு உள்ளே பதினேழு அதிகாரிகள் வந்து போனார்கள். வெளியே நின்ற டபேதார் மட்டும் மாறவே இல்லை. வெள்ளைச் சட்டை, மார்பின் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி உத்தியோகம். ஆனால் கெட்ட மனுஷன் இல்லை. லஞ்சம் வாங்கியதில்லை, யாரையும் அதட்டியதில்லை. மனுவோடு வருகிறவர்களைத் தபால் பிரிவுக்கு அழைத்துப்போய், 'பெறப்பட்டது' என்ற நீல முத்திரையைக் குத்த வைத்து, "இன்வர்ட் ஆயிடுச்சும்மா, பாதி வேலை முடிஞ்சுது, போயிட்டு வா" என்று அனுப்பிவைப்பார். மீதிப் பாதி எப்போது முடியும் என்று கேட்டால், அது உள்ளே இருக்கிறவங்க வேலை என்பார். அந்த முத்திரையை அவர் மனசார நம்பினார். வினையே அதுதான்.

ஓய்வு பெற்றபின் அவருக்கு மிஞ்சியது பென்ஷனும் ஒரு கொய்யா மரமும். வாசல் கேட்டுக்கும் கதவுக்கும் நடுவே பாய் விரிக்கிற அளவு இடம், அதில் மரம். பழம் உள்ளே சிவப்பாக இருக்கும். வருஷா வருஷம் முதல் பறிப்பைப் பையில் போட்டுக்கொண்டு பழைய ஆபீசுக்குப் போய், மேஜை மேஜையாக வைத்துவிட்டு வருவார். போன வருஷம் வௌவால்கள் முந்திக்கொண்டன. ஏழு பழம்தான் தேறியது. ஏழு பழத்தோடு அந்த மாடிப்படி ஏறியதை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் காது சூடாகிவிடும்.

இந்த மாதிரி வயிற்றெரிச்சல்களைத் தீர்ப்பதற்காகவே அரசாங்கம் ஓர் ஆணையத்தைப் பெற்றுப் போட்டிருந்தது. 'மாநகரக் கனி–வனவுயிர் நல்லிணக்க ஆணையம்' என்று பெயர். வீட்டுப் பழத்துக்கும் அதைத் தின்ன வரும் குரங்கு, அணில், வௌவால், கிளிகளுக்கும் நடுவே சமாதானம் செய்துவைப்பது அதன் கடமை. இரண்டு மாதத்துக்கு முன் மர்பி டவுனில் மேடை போட்டு, வீட்டுக்கு ஒரு நைலான் வலை இலவசமாகக் கொடுத்தார்கள். 'வனவுயிர் நேச வலை' என்று அதன் பெயர். கூடவே ஏழு பக்கத்தில் விதிகள். மற்றவர்கள் அந்தத் தாளில் வடை வைத்துத் தின்றார்கள். ராஜேந்திரன் ஒருவர்தான் அதை மனப்பாடம் செய்தார்.

அன்று காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்தவர், மரத்தடியிலேயே நின்றுவிட்டார். வலையில் ஒரு வௌவால் மாட்டியிருந்தது.

பெரிய பிராணி இல்லை. உடம்பு ஒரு கொய்யாப்பழ அளவுதான் இருக்கும். ஒரு சிறகு வலையில் முறுக்கிக்கொண்டு, கிழிந்த குடைத்துணி மாதிரி விரிந்து கிடந்தது. செம்பட்டை முடி, நாய்க்குட்டி மூஞ்சி, அதில் பெரிய பெரிய கண். மார்போடு ஒட்டிக்கொண்டு, கட்டைவிரல் பருமனில் ஒரு குட்டி. தாய் அவரைப் பார்த்தது. கத்தவில்லை, கடிக்க வாய் திறக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தது.

"இன்னாய்யா, மரத்தையே பாத்துகினு நிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே அவர் மனைவி தனக்கோடி வெளியே வந்தாள். பார்த்ததும் வாயில் கை வைத்தாள். "ஐயையோ, புள்ளப் பெத்தவள மாட்டி வெச்சிட்டியே பாவி! குட்டியும் கீதுய்யா. மீன் வெட்டுற கத்தரிய எடுத்தாரேன், நீ ஏணியப் புடி."

"தொடாதே தனம்! நாலாம் விதி, அனுமதி இல்லாம வனவுயிரைத் தொட்டா குத்தம். அஞ்சாம் விதி, வலை சர்க்கார் சொத்து, அத்த வெட்டுனா கேஸு. பென்ஷன் போயிடும்டி."

"விதியாவது மண்ணாவது. அது சாவுது, நீ நம்பர் சொல்லிகினு கீறியே!"

தனக்கோடிக்கு ஏழு மணிக்குள் தொம்மலூரில் இருக்க வேண்டும். அங்கே ஒரு வீட்டில் அவள் சமையல். அவள் நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பட்டினியாகப் பள்ளிக்கூடம் போகும். கத்தரியைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள். "பத்து நிமிஷ வேலை. வெட்டி உட்டுரு. உடுவியா?"

"உடுறேன்."

"என் மேல ஆணையா?"

"அட, உடுறேன்னு சொல்றேனே!"

அவள் தெருமுனை திரும்பியதும் ராஜேந்திரன் ஏணியில் இரண்டு படி ஏறினார். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏறினார். கத்தரி விரலில் மாட்டியிருந்தது. மூன்றாவது படியில் கால் வைத்தபோது முப்பத்து நாலு வருஷ உத்தியோகம் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது. ஒரு தாள் இல்லாமல், ஒரு கையெழுத்து இல்லாமல், ஒரு மனுஷன் தன்பாட்டுக்கு ஒரு காரியம் செய்துவிடுவதா? இறங்கினார். கத்தரியை ஜன்னலில் வைத்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கோடு போட்ட தாளில் மனு எழுதினார். 'ஐயா, வணக்கம். என் வீட்டில் தங்கள் வலையில்...' எழுதி முடிக்கும்வரை அவர் மரத்தின் பக்கம் திரும்பவில்லை.

பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் மதில் மேலாக எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். "கர்த்தரே! அண்ணா, காக்கா வருது பாருங்க. கொத்திப் போட்டுரும்."

"நீ கொஞ்சம் பாத்துக்கோ சிஸ்டர். ஆணையத்துல அனுமதி வாங்கிட்டு ஓடியாந்துடுறேன். கைய மட்டும் வெச்சிடாதே, உம்மேலயும் கேஸாயிடும்."

கேஸ் என்ற வார்த்தைக்கு ஏழைகள் பயப்படுகிற மாதிரி வேறு எதற்கும் பயப்படுவதில்லை. பியாட்ரிஸ் கையை வைக்கவில்லை. ஒரு குடையை எடுத்துக்கொண்டு வந்து ஏணியில் ஏறி, வௌவாலுக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜேந்திரன் சிவாஜிநகர் பஸ்ஸைப் பிடித்தார்.

ஆணையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. அன்றைக்கு அங்கே ஒரே தோரணம். 'நல்லிணக்கத் திருநாள்' என்று வாசலில் பேனர். தபால் பிரிவில் பிரகாஷ் என்ற குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். மனுவை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி, இறக்கி, திரும்பத் தூக்கிப் படித்தார். அந்த நிதானம் ராஜேந்திரனுக்கு ரொம்பப் பிடித்தது. நல்ல ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டார்.

"சார், வௌவால் பழம் சாப்பிட்டுட்டு மாட்டுச்சா, மாட்டிட்டு சாப்பிட்டுச்சா?"

"ஏன் சார்?"

"சாப்பிட்டுட்டு மாட்டியிருந்தா அது எதிரி. மஞ்சள் படிவம். சாப்பிடாமலே மாட்டியிருந்தா பாதிக்கப்பட்டவர். பச்சைப் படிவம். மாத்திக் கொடுத்தா திரும்பி வந்துடும் சார், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

ராஜேந்திரன் பியாட்ரிசுக்குப் போன் போட்டார். அவள் ஒரு கையில் குடையும் ஒரு கையில் போனுமாக ஏணியில் இருந்தபடியே பார்த்துச் சொன்னாள். "பக்கத்துல ஒரு பழம் கெடக்கு அண்ணா. ஒரு கடி கடிச்சிருக்கு. பாதிகூட இல்ல. அதுக்கு தாகம் போல, நாக்கை நாக்கை நீட்டுது. ஸ்பூன்ல தண்ணி குடுக்கட்டா?"

"ஸ்பூன் அது மேல படாம குடுக்க முடியுமா?" என்று கேட்டார் ராஜேந்திரன். நாலாம் விதி.

ஒரு கடி இருந்ததால் மஞ்சள் படிவம். அதில் மூன்றாம் பக்கத்தில் 'எதிரியின் விளக்கம்' என்று ஒரு கட்டம். "அதைக் காலியா விடுங்க. எல்லா விலங்கும் காலியாத்தான் விடுது" என்றார் பிரகாஷ். பிறகு முத்திரையை மையில் அழுத்தி மனுவின் தலையில் குத்தினார். டப்பென்று விழுந்தது. நீல மை, நேரான எழுத்து, தேதி கச்சிதம். ராஜேந்திரனுக்குக் காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் பாதி இறங்கிவிட்டது. பாதி வேலை முடிந்ததல்லவா? கீழே போய் ஒரு டீ குடித்தார். அந்த டீயை அவர் ரசித்துக் குடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மனு முதலில் பறவைப் பிரிவுக்குப் போனது. பறக்கிறதல்லவா? பறவைப் பிரிவு அதைப் படித்துவிட்டு, இறகு இல்லை என்று நாலுகால் பிரிவுக்கு அனுப்பியது. நாலுகால் பிரிவு மேற்பார்வையாளர் பால் கொடுக்கும் பிராணி என்பதை ஒப்புக்கொண்டார், பெருந்தன்மையான மனுஷர். "ஆனா எங்க எல்லை தரையிலேர்ந்து ஆறடி வரைக்கும்தான் சார். அதுக்கு மேல போச்சுன்னா வான்வெளி. உங்க வௌவால் எத்தனை அடியில இருக்கு?"

மறுபடியும் போன். பியாட்ரிஸ் இறங்கி, துணி காயப்போடும் கம்பை எடுத்து, மரத்தோடு வைத்து அளந்தாள். அளக்கிற இரண்டு நிமிஷத்தில் காக்கை ஒன்று வந்து ஒரு கொத்துக் கொத்திவிட்டது. "ஏழடி அண்ணா" என்றாள். குரல் அழுகிற மாதிரி இருந்தது. "சிறகுல ரத்தம் வருது. சீக்கிரம் வாங்க, இல்லன்னா நானே..."

"ஐயோ, வேணாம் சிஸ்டர்! இன்வர்ட் ஆயிடுச்சு. பாதி வேலை முடிஞ்சுது."

ஏழடி என்றால் கூட்டு ஆய்வு. கூட்டு ஆய்வுக்குத் துணை இயக்குநர் கையெழுத்து வேண்டும். துணை இயக்குநர் விழா ஒத்திகையில் இருந்தார். ராஜேந்திரன் அவர் அறைக் கதவுக்கு வெளியே நின்றார். நிற்பதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை, பழகின இடம். பன்னிரண்டு மணிக்குத் தனக்கோடியின் போன் வந்தது.

"வெட்டி உட்டியா?"

"ஆங்... ஆச்சு."

"குட்டி?"

"அதுவும் நல்லா கீது."

"பறந்துச்சா?"

"பறந்துச்சு பறந்துச்சு."

"அப்பாடா, என் ராஜா" என்றாள் தனக்கோடி. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவரை அவள் ராஜா என்று கூப்பிட்டது விரல்விட்டு எண்ணுகிற தடவைதான். அதில் ஒன்று இப்படி வீணாகப் போயிற்று. போனைப் பையில் போட்டார். சாயங்காலத்துக்குள் வெட்டிவிட்டால் அது பொய்யாகாது, கொஞ்சம் முன்னாலேயே சொன்ன உண்மையாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஒரு மணிக்குத் துணை இயக்குநர் ஸ்ரீஹர்ஷா வந்தார். சின்ன வயசு, நல்ல மொழி, நல்ல செண்டு வாசனை. மனுவைப் படித்ததும் அவர் செய்த காரியம் ராஜேந்திரனை நிலைகுலைய வைத்துவிட்டது. எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க சார்" என்றார்.

முப்பத்து நாலு வருஷத்தில் ராஜேந்திரன் ஓர் அதிகாரியின் எதிரே உட்கார்ந்ததில்லை. அந்த நாற்காலிகளைத் துடைத்திருக்கிறார், நகர்த்தியிருக்கிறார், உடைந்தால் தூக்கிப்போட்டிருக்கிறார். உட்கார்ந்ததில்லை. மெத்தென்று இருந்தது. காப்பி வந்தது, சாஸரோடு வந்தது.

"மிஸ்டர் ராஜேந்திரன், எங்க வலையில விலங்கு மாட்டாது" என்றார் ஸ்ரீஹர்ஷா. "நிபுணர் குழு ரிப்போர்ட் இருக்கு. ஆறு மாசம் டெஸ்ட் பண்ணினோம். நம்ம மொட்டை மாடியில வலையை விரிச்சு வெச்சோம். ஒரே ஒரு பிராணிகூட மாட்டலை."

"மாடியில மரம் இருந்துச்சுங்களா சார்?"

"மரம் எதுக்கு? வலையைத்தானே டெஸ்ட் பண்றோம்?"

ராஜேந்திரன் அது சரிதான் என்று தலையாட்டினார்.

"இப்ப நீங்க மாட்டியிருக்குன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணு ரிப்போர்ட் தப்பா இருக்கணும், இல்லேன்னா வௌவால் தப்பா இருக்கணும். ரிப்போர்ட் பக்கம் நாலு நிபுணர் கையெழுத்து இருக்கு. வௌவால் பக்கம் யார் இருக்காங்க?"

ராஜேந்திரன் கையில் காப்பி இருந்தது.

"யாரும் இல்லீங்க சார்" என்றார்.

ஸ்ரீஹர்ஷா நெகிழ்ந்துபோனார். "உங்களை மாதிரி புரிஞ்சுக்கற பயனாளிகள்தான் இந்த ஆணையத்தோட பலம். இன்னிக்கு விழாவுல மர்பி டவுனுக்குத்தான் அவார்டு. 'ஒரு உயிரும் துன்புறாத வார்டு.' ஒரு வௌவாலுக்காக ஒரு வார்டோட பேரைக் கெடுக்கலாமா? நானும் கருணையில்லாதவன் இல்ல சார். வீட்டுல கோல்டன் ரெட்ரீவர் நாய் வெச்சிருக்கேன். நீங்க மேடையில வார்டு சார்பா கேடயத்தை வாங்கிக்கோங்க. வலையை வெட்ட ஆர்டர் ரெடி பண்ணி அதோடயே கையில கொடுத்துடறேன். அவார்டுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டா, ஒரு உயிர் மாட்டினதை நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஆடிட்ல நிக்காது. புரியறதா?"

"அதுக்குள்ள அது செத்துடுச்சுன்னா சார்?"

"நல்லதையே நினைப்போம்."

அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பியாட்ரிஸ். அதிகாரி எதிரே உட்கார்ந்திருக்கும்போது போன் எடுப்பதா? ராஜேந்திரன் அதைத் துண்டித்தார். மறுபடியும் அதிர்ந்தது. மறுபடியும் துண்டித்தார். மூன்றாவதாக ஒரு படம் வந்து விழுந்தது.

அறையில் இருந்த இன்னொருத்தி அதிதி, ஆணையத்தின் விளம்பர ஆலோசகர். எட்டிப் பார்த்து, "அங்கிள், இதுதான் அந்த வௌவாலா?" என்று போனை வாங்கினாள். வௌவால் தலை சாய்ந்து, கண்ணை மூடியிருந்தது. குட்டி இன்னும் மார்பில் ஒட்டியிருந்தது. "ஓ மை காட், தூங்குது! சோ க்யூட்! சார், இதை ஸ்க்ரீன்ல போடலாம். எப்படியும் அது தலைகீழாத்தானே தொங்கும், மாட்டினது மாதிரியே இல்ல."

"அது தூங்கலம்மா" என்று சொல்ல ராஜேந்திரன் வாயைத் திறந்தார். அவள் அதற்குள் படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு போய்விட்டாள். எழுந்து ஓடியிருக்கலாம். கையில்தான் தாள் இல்லையே. மீதிக் காப்பியைக் குடித்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தது மொத்தம் இருபது நிமிஷம்.

விழா மூன்றரைக்கு ஆரம்பித்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். மைக்கில் நாலு பேர் பேசினார்கள், நாலு பேரும் சுருக்கமாகப் பேசுவதாகச் சொன்னார்கள். மேடையில் வெள்ளித் தட்டு நிறையக் கொய்யா, மாதுளை, சப்போட்டா. அத்தனையும் கடையில் வாங்கியவை, ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்ரீஹர்ஷா எழுந்தார்.

"கௌதம புத்தர் பிறந்த மண்ணில், பசித்த உயிருக்கும் பழுத்த மரத்துக்கும் நடுவே இந்த ஆணையம் பாலமாக நிற்கிறது. இந்த வருஷம் வந்த மனுக்களில் தொண்ணூத்தெட்டு சதவீதத்தை முடித்துவிட்டோம். மீதி ரெண்டு சதவீத மனுதாரர்கள் இன்னும் உயிரோடு இருப்பதால் அவை நிலுவையில் உள்ளன. எங்கள் வலையில் இன்றுவரை ஓர் உயிர்கூட மாட்டவில்லை. ஓய்வெடுத்திருக்கின்றன. இதோ பாருங்கள்!"

பின்னால் பெரிய திரை ஒளிர்ந்தது. ராஜேந்திரன் வீட்டுக் கொய்யா மரம். ஆளுயரத்துக்கு வௌவால், மூடின கண், மார்பில் குட்டி. மேலே பியாட்ரிஸ் பிடித்திருந்த குடையின் ஓரம். கீழே எழுத்து: 'எங்கள் வலையில் இளைப்பாறும் விருந்தாளி.'

கூட்டம் கை தட்டியது. மற்றவர்கள் தட்டும்போது சேர்ந்து தட்டுவது டபேதார்களின் வழக்கம். ராஜேந்திரனின் கைகளும் தட்டின. தட்டிக்கொண்டிருக்கிற கைகளை அவர் குனிந்து பார்த்தார். நிறுத்த முடியவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினார். கேடயம் என்று பலகை ஒன்றைக் கொடுத்தார்கள். பச்சை நிறம், வெள்ளை எழுத்து, கேட்டில் மாட்டுவதற்கு நாலு மூலையிலும் ஓட்டை. அதோடு ஓர் உறை. "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை அவர் வாய்க்கு நேரே திருப்பினார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். திரையில் அது அப்படியே இருந்தது. 'அது என் வீட்டு வௌவாலுங்க, அது சாவுதுங்க' என்பது ஆறே வார்த்தைதான். உறை கையில் இருந்தது. பேசினால் உறையைத் திருப்பி வாங்கிக்கொண்டு விடுவார்களோ?

"எல்லாருக்கும் நன்றி" என்றார்.

பஸ்ஸில் உறையைப் பிரித்துப் படித்தார். அழகாக டைப் அடித்திருந்தார்கள், முத்திரை வட்டமாக விழுந்திருந்தது. 'பொருள்: ராஜேந்திரன், மர்பி டவுன் — கொய்யா மரம் — இளைப்பாறும் வனவுயிர் — விடுவித்தல் — தொடர்பாக. மேற்படி வனவுயிரின் நலன் கருதி, வலைக்குச் சேதமின்றி வலையை வெட்டிக்கொள்ள இதனால் அனுமதி அளிக்கப்படுகிறது.' இரண்டு தடவை படித்தார். அவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. மூன்றாவது தடவை படிக்கும்போது அல்சூர் சிக்னலில் பஸ் நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு வியர்த்தது.

வீட்டை அடைந்தபோது மணி ஆறு. வலை கிழிந்து மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தனக்கோடி படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் பழைய துண்டு ஒன்று சுருட்டி வைத்திருந்தது. மீன் கத்தரி பக்கத்தில். மதிலுக்கு அந்தப் பக்கம் பியாட்ரிஸ், குடையை மடக்கிக் கையில் வைத்தபடி, தோளைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தாள். எட்டு மணி நேரம் தூக்கின தோள்.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மூணரைக்கு வந்தேன்" என்றாள் தனக்கோடி. "அது ஆறிப் போயிருந்துச்சு. குட்டி மட்டும் பால் குடிச்சுகினு இருந்துச்சு. செத்த தாய்கிட்ட. வெட்டுறதுக்கு அஞ்சு நிமிஷங்கூட ஆவலய்யா."

"குட்டி?" என்றார்.

பியாட்ரிஸ் சொன்னாள். "பறவைங்களக் காப்பாத்துற புள்ளைங்க இருக்காங்கன்னு சர்ச்சுல ஒரு தடவ நம்பர் குடுத்தாங்க. தனக்கோடி வந்தப்புறம் தைரியம் வந்துச்சு, போட்டேன். ஸ்ரீலக்ஷ்மின்னு ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல வந்துச்சு. இருபது நிமிஷம். கையுறை போட்டு, துணியில சுத்தி, பால் குடுத்து எடுத்துட்டுப் போச்சு. நம்ம பேருகூட கேக்கல. காலையிலயே கூப்பிட்டிருந்தா ரெண்டும் பொழைச்சிருக்கும் ஆன்ட்டின்னு சொல்லிச்சு." நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நான் போட்டோ அனுப்பினேனே அண்ணா, பாக்கலையா?"

"பாத்தேன் சிஸ்டர்" என்றார் ராஜேந்திரன். சபை நிறையப் பேர் பார்த்ததை அவர் சொல்லவில்லை.

தனக்கோடி அப்போதுதான் தலைநிமிர்ந்தாள். "பறந்துச்சுன்னு சொன்னியே" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "நான் வேல செய்யிற ஊட்டுல, அந்தப் புள்ளைங்ககிட்ட எல்லாம் சொன்னேன், எம் புருஷன் ஒரு தாயையும் புள்ளயையும் காப்பாத்திட்டாருன்னு."

அவர் அவள் காலடியில் உட்கார்ந்து துண்டைப் பிரித்தார். சிறகை மடக்கி வைத்திருந்தார்கள். மடக்கினால் எவ்வளவு சின்னதாகிவிட்டது. முப்பத்து நாலு வருஷத்தில் முத்திரை குத்தி, போயிட்டு வா என்று அனுப்பிவைத்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பதினாலு நாள் தொடர்ந்து வந்த ஒரு பெண்பிள்ளை, புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஒரு கடிதத்துக்காக. பதினைந்தாம் நாள் அவள் வரவில்லை. வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று அன்றைக்கு அவர் சந்தோஷப்பட்டிருந்தார். ஐயோ, என்ன சந்தோஷம் அது. அவருக்கு அழுகை வந்தது. மரத்தடியில் தோண்டிப் புதைத்தார்கள்.

மறுநாள் அவர் மறுபடியும் மனு எழுதினார். 'ஐயா, வௌவாலைக் கொன்றது நான். தக்க தண்டனை தரவும்.' பிரகாஷ் கண்ணாடியைத் தூக்கிப் படித்துவிட்டு, அனுதாபத்தோடு திருப்பிக் கொடுத்தார். "நேத்து வரைக்கும் ஒரு உயிரும் துன்புறலைன்னு அவார்டே கொடுத்தாச்சு சார். நேத்து சாகாத வௌவாலுக்கு இன்னிக்கு எப்படி மனு வாங்கறது? முத்திரை வேணும்னா குத்தித் தரேன், ஆசைக்கு."

"வேண்டாங்க" என்றார் ராஜேந்திரன். வாழ்க்கையில் முதல் தடவையாக முத்திரையை வேண்டாம் என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்தால், முந்தின நாள் அவர் வாசலில் போட்டிருந்த அந்தப் பச்சைப் பலகை கேட்டில் மாட்டியிருந்தது. ஆணையத்து ஆட்கள் விதிப்படி வந்து, நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். 'இந்த வீட்டில் ஓர் உயிரும் துன்புறவில்லை.' ராஜேந்திரன் உள்ளே ஓடி ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தார். முதல் ஸ்க்ரூவில் வைத்தார்.

தனக்கோடி வந்து அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"இருக்கட்டும்" என்றாள். "தெனம் பால் எடுக்க நீதானே கேட்டத் தெறக்கிற. படி."

கொய்யா இப்போது வலையில்லாமல் பழுக்கிறது. வௌவால்கள் வந்து தின்கின்றன, பாதி கடித்துப் பாதி போடுகின்றன. காலையில் ராஜேந்திரன் அதைப் பெருக்குவதற்கு முன்னால் கேட்டுக்குப் போகிறார். பால் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, ஒரு தடவை படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.